குழந்தையின் அறையை வரைபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழகத்தின் வீட்டு உள்ளலங்கார வடிவமைப்பாளர்களுக்கும், அவர்கள் வரைந்ததை மரத்திலும் பிளைவுட்டிலும் செய்து முடிக்கும் தச்சர்களுக்கும் வணக்கம்.

புதிதாக வீடு கட்டுகிறவர்களும் ஃபிளாட் வாங்குகிறவர்களும் மாடுலர் சமையலறைக்கு அடுத்தபடியாக உங்களிடம் ஆசையோடு கேட்பது குழந்தைக்கு ஓர் அறை. நீங்கள் 3டி படம் போட்டுக் காட்டுகிறீர்கள்: கார் வடிவக் கட்டில், மேகம் வரைந்த ஃபால்ஸ் சீலிங், ஜன்னலோரம் மெத்தை போட்ட திண்ணை, சுவர் முழுக்கப் பொம்மை அடுக்கும் தட்டுகள். பார்த்ததும் மனம் நிறைகிறது. ஆனால் அந்தப் படத்தில் பாதுகாப்பு எங்கே இருக்கிறது என்று தேடினால் பெரும்பாலும் கிடைப்பதில்லை. வீட்டை ஒப்படைத்த பிறகு பெற்றோர் வாங்கி ஒட்டும் மூலை ரப்பராகவும், பிளக் மூடியாகவும், "கொஞ்சம் பார்த்துக்கோங்க" என்று நீங்கள் சொல்லிவிட்டுப் போகும் ஒரு சொல்லாகவும் அது கடைசியில் வந்து சேர்கிறது. இந்த வரிசை தவறு என்று சொல்லவே இந்த மடல். சமையலறையில் குழந்தை நிற்கும்போது யாராவது கூட இருப்பார்கள், கூடத்திலும் இருப்பார்கள். படுக்கையறை ஒன்றுதான், பெரியவர்கள் தூங்கும் நேரத்துக்கும் கதவைச் சாத்திவிட்டுப் போகும் நேரத்துக்கும் என்றே கட்டப்படும் அறை. பெற்றோரின் கவனத்தை நம்பி வடிவமைக்கக் கூடாத அறை வீட்டில் ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

கவனத்தை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு தெளிவான சாட்சி இருக்கிறது. ஐகியா நிறுவனத்தின் மால்ம் வகை இழுப்பறை அலமாரி கோடிக்கணக்கான வீடுகளுக்குப் போன பொருள். நேர்க்கோடுகள், வழவழப்பான முகப்பு, எந்த அறைக்கும் பொருந்தும் அடக்கமான அழகு. சிறு குழந்தை அதன் கீழ் இழுப்பறைகளைத் திறந்து, அவற்றின்மேல் கால்வைத்து ஏறும்போது, குழந்தையின் எடையும் திறந்த இழுப்பறைகளின் எடையும் சேர்ந்து முன்பக்கம் வந்துவிடும்; அலமாரி அப்படியே கவிழும். சில குழந்தைகள் அதன் அடியில் சிக்கி இறந்தார்கள். 2015 ஜூலையில் நிறுவனமும் அந்நாட்டு நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையமும் சேர்ந்து, அலமாரியைச் சுவரோடு பிணைக்கும் இணைப்புகளை இலவசமாகத் தருவதாக அறிவித்தன. அதாவது பொருள் அப்படியே இருக்கும், பெற்றோர் கவனமாக இருக்க வேண்டும். அடுத்த ஆண்டின் தொடக்கத்திலேயே இன்னொரு குழந்தை இறந்தது. 2016 ஜூனில் 2 கோடியே 90 லட்சம் அலமாரிகளைத் திரும்பப் பெறுவதாக அறிவிக்க வேண்டியதாயிற்று. 2022 டிசம்பரில் இதற்கென்று ஒரு சட்டமே வந்தது; 2023 செப்டம்பர் முதல் அங்கே துணி வைக்கும் அலமாரிகள், சுவரோடு பிணைக்காத நிலையிலும், இழுப்பறைகள் திறந்திருந்தும் உள்ளே துணி நிறைந்திருந்தும், ஏறத்தாழ 27 கிலோ எடையுள்ள குழந்தை ஏறினாலும் இழுத்தாலும் கவிழாமல் நிற்க வேண்டும். சுவரில் பிணைக்கும் அறிவுரை இன்றும் இருக்கிறது, இருக்கவும் வேண்டும். ஆனால் பொறுப்பு எங்கே தொடங்குகிறது என்பது மாறிவிட்டது: வாங்குகிறவரின் ஸ்க்ரூடிரைவரிலிருந்து வரைகிறவரின் மேசைக்கு.

நம் ஊரில் உங்களுக்கு இதில் ஒரு சாதகம் உண்டு. இங்கே வார்ட்ரோப் பெரும்பாலும் சுவரோடு சேர்த்தே அடிக்கப்படுகிறது, அது கவிழாது. ஆபத்து, அறைக்குள் தனியாக வந்து நிற்கும் பொருள்களில் இருக்கிறது. உயரமும் ஒல்லியுமான புத்தக அடுக்கு, சக்கரம் வைத்த இழுப்பறை, தாத்தா காலத்து இரும்பு பீரோ, மேசைமேல் தாங்கியில் நிற்கும் டிவி எல்லாம் அந்த வகை. இவை உங்கள் வேலையில் சேராதவை என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். அவை நிற்கப்போகும் இடத்தை வரைவது நீங்கள்தான். அங்கே சுவரில் பிணைப்பதற்கான ஆதாரத்தை முன்கூட்டியே வைப்பதும், நீங்களே செய்யும் அலமாரிக்கு ஆழமான அடித்தளம் தருவதும், ஒரு நேரத்தில் ஓர் இழுப்பறை மட்டுமே திறக்கும் பூட்டைப் பொருத்துவதும், கனமானவை கீழே வரும்படி தட்டுகளைப் பிரிப்பதும் வரையும்போது எளிது. வீடு முடிந்த பிறகு ஒவ்வொன்றும் சுமை. மேல்தட்டில் பளிச்சென்ற பொம்மையை வைத்துப் படமெடுப்பதையாவது தயவுசெய்து விடுங்கள். ஏறாதே என்று சொல்லிவிட்டு ஏறுவதற்கான காரணத்தை உச்சியில் வைக்கிற செயல் அது.

அடுத்தது ஜன்னல். இதில் நம் ஊர் உலகத்துக்கு முன்னால் இருந்து, இப்போது பின்னால் போய்க்கொண்டிருக்கிறது என்பது என் கவலை. நியூயார்க் நகரில் அடுக்குமாடி ஜன்னல்களிலிருந்து குழந்தைகள் விழுவது அதிகமாக இருந்ததால், 1972இல் பிராங்ஸ் பகுதியில் நகரச் சுகாதாரத் துறை ஒரு திட்டத்தைத் தொடங்கியது. வீடுவீடாகப் போய்ப் பெற்றோரிடம் பேசியதோடு நிற்காமல், ஜன்னல் கம்பிகளை இலவசமாகக் கொடுத்தது. இரண்டே ஆண்டுகளில் அங்கே பதிவான விழுதல்கள் பாதியாகக் குறைந்தன. 1976இல், மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட வீடுகள் உள்ள கட்டடங்களில் பத்து வயதும் அதற்குக் கீழும் உள்ள குழந்தை வசித்தால், ஜன்னலுக்குக் காப்புக் கம்பி போடுவது கட்டட உரிமையாளரின் கடமை என்று நகரம் விதி செய்தது. நம் வீடுகளில் இந்தக் காப்பு திருடனுக்குப் பயந்து போட்ட கிரில் என்ற பெயரில் ஏற்கெனவே இருந்தது. இப்போது பத்தாவது மாடி ஃபிளாட்டில் திருடன் வரமாட்டான் என்று அது கழற்றப்படுகிறது. "ஜெயில் மாதிரி இருக்கு, வியூ மறைக்குது" என்று வீட்டுக்காரர் சொல்ல, தரையிலிருந்து இரண்டடியில் தொடங்கும் பெரிய ஸ்லைடிங் ஜன்னல் வருகிறது, அதன் அடியில் மெத்தைத் திண்ணையோ கட்டிலோ வருகிறது. குழந்தை ஏறுவதற்குப் படியை நாமே கட்டிக் கொடுக்கிறோம். கொசு வலை இருக்கிறதே என்பது பதிலாகாது. கொசுவைத் தடுக்கச் செய்த வலை, சாயும் குழந்தையின் எடையைத் தாங்காது. அங்கே ஏதோ தடுப்பு இருக்கிறது என்ற பொய் நம்பிக்கையை மட்டும் அது தருகிறது.

கிரில் அசிங்கமாக இருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. மெல்லிய செங்குத்துக் கம்பிகள், ஜன்னல் சட்டத்தின் நிறத்திலேயே, நான்கு அங்குலத்துக்குக் குறைவான இடைவெளியில் நின்றால் கண் அவற்றைத் தாண்டி வெளியே போய்விடும். இன்று நாகரிகமாகிவிட்ட கிடைமட்டக் கம்பிகளைத்தான் தவிர்க்க வேண்டும். ஜன்னலானாலும் பால்கனியானாலும் அவை குழந்தைக்கு ஏணி. அதோடு இன்னொன்றும் உண்டு, இதைச் சொல்லாமல் கிரிலை மட்டும் பரிந்துரைப்பது பாதி உண்மை: தீப்பிடித்தால் நிரந்தரமாக அடைத்த கிரில் வெளியேறும் வழியையும் அடைத்துவிடும். அறையில் ஒரு ஜன்னலின் கிரிலாவது உள்ளிருந்து திறக்கும்படி, தாழ்ப்பாள் பெரியவர் உயரத்தில் இருக்கும்படி செய்யுங்கள். ஜன்னலுக்குப் பிளைண்ட்ஸ் போடுகிறீர்கள் என்றால் தொங்கும் கயிறும் மணிச்சங்கிலியும் வேண்டவே வேண்டாம். அமெரிக்காவில் மட்டும் ஆண்டுக்குச் சராசரியாக ஒன்பது சிறு குழந்தைகள், ஐந்து வயதும் அதற்குக் கீழும், இந்தக் கயிறுகள் கழுத்தில் சுற்றி இறந்திருக்கிறார்கள் என்று அந்நாட்டு ஆணையம் சொல்கிறது. சத்தமே வராத விபத்து அது. அடுத்த அறையில் இருப்பவருக்குக்கூடத் தெரியாது. 2018 டிசம்பர் முதல் அங்கே கடையில் தயாராக விற்கும் பிளைண்ட்ஸ் கயிறில்லாமலோ, கயிறு குழந்தைக்கு எட்டாதபடியோ இருக்க வேண்டும். இங்கே நாம் ஒரு சாதாரணத் துணித் திரையைத் தொங்கவிட்டாலே அந்தச் சிக்கல் தீர்ந்தது; அறைக்கு அழகும் அதில் குறையாது.

இரட்டை அடுக்குக் கட்டில், அதாவது நீங்கள் பங்க் பெட் என்று சொல்வது, நம் வீட்டுக் கணக்குக்குப் பொருந்துகிறதா என்று யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை. வெளிநாட்டுப் படங்களில் மின்விசிறி இருப்பதில்லை. நம் அறையில் அது இல்லாமல் முடியாது. தளத்தின் உயரம் பத்தடி என்று வைத்துக்கொள்வோம். ஃபால்ஸ் சீலிங் அரையடியைத் தின்றுவிடும். விசிறியின் இறக்கைகள் அதற்கும் ஓர் அடி கீழே, அதாவது தரையிலிருந்து எட்டரை அடியில் சுழலும். மேல் கட்டிலின் மெத்தை ஐந்தரை அடியில் இருந்தால், எட்டு வயதுப் பிள்ளை அதில் எழுந்து நிற்கும்போது தலை ஒன்பதரை அடிக்குப் போகும். உட்கார்ந்தபடி சோம்பல் முறித்துக் கையைத் தூக்கினாலும் இறக்கையின் மட்டத்துக்குப் போய்விடும். ஆகவே விசிறியின் வட்டத்தைத் தரைப்படத்தில் வரைந்து, கையை நீட்டினாலும் எட்டாத தூரத்துக்குக் கட்டிலைத் தள்ளுங்கள். சிறிய அறையில் அதற்கு இடமில்லை என்றால் சுவர் விசிறிக்கு மாறுங்கள், அல்லது அடுக்குக் கட்டிலை விட்டுவிடுங்கள். கீழே இழுத்து விரிக்கும் இரண்டாம் படுக்கை இதே இடச் சிக்கலை உயரம் இல்லாமலே தீர்த்துவிடும். ஆறு வயதுக்குக் கீழ் உள்ள குழந்தை மேல்தட்டில் படுக்கக் கூடாது என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் அறிவுரை. ஐரோப்பியத் தரமும் அதே வயதைத்தான் சொல்கிறது. அமெரிக்க விதிப்படி தடுப்பு, மெத்தையின் மேற்பரப்புக்கு மேல் ஐந்து அங்குலமாவது இருக்க வேண்டும். மெத்தை இல்லாத கட்டிலில் அளந்துவிட்டு, பிறகு எட்டு அங்குல மெத்தையைப் போட்டால் தடுப்பே மறைந்துபோகும். தடுப்பின் சட்டங்களுக்கிடையே மூன்றரை அங்குலத்துக்கு மேல் இடைவெளி கூடாது என்பதற்கும் ஒரு காரணம் உண்டு: சிறு குழந்தையின் உடல் நுழைந்து, தலை நுழையாமல் கழுத்து மாட்டிக்கொள்ளும் அளவு அதற்கு மேல்தான் தொடங்குகிறது. தச்சர்களே, இந்த அளவுகளை யார் வரைபடத்தில் எழுதாவிட்டாலும் நீங்கள் கேட்டு வாங்குங்கள்.

நிறத்துக்கு வருகிறேன். குழந்தை அறை என்றால் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று பளீரென்று இருக்க வேண்டும் என்பது பொதுக் கருத்து. ஈயம் கலந்த நிறமிகள் காலங்காலமாக அதிகம் பயன்பட்டதும் இந்த நிறங்களில்தான். ஈய குரோமேட் தருகிற மஞ்சளுக்காகவே அது சேர்க்கப்பட்டது. ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் லாக்ஹார்ட் கிப்சன் என்ற கண் மருத்துவர், குழந்தைகளுக்கு வரும் ஈய நஞ்சு வீட்டு வராந்தாக் கம்பிகளின் பெயின்டிலிருந்தும் அறைச் சுவர்களிலிருந்தும் வருகிறது என்று 1904இலேயே எழுதினார். குழந்தைக்கு எட்டும் இடங்களில் ஈயப் பெயின்டைத் தடுக்கும் சட்டம் அங்கே 1922இல் வந்தது. இந்தியாவில் வீட்டுப் பெயின்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2016இல் அறிவிக்கப்பட்டு, 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. ரத்தத்தில் ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் அறியப்படவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். வளரும் மூளையை அது பாதிக்கிறது, பாதித்தது பெரும்பாலும் திரும்புவதில்லை. ரத்தத்தில் டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ ஈயம் உள்ள குழந்தைகள் உலகில் 80 கோடி வரை என்றும், அவர்களில் சுமார் 27 கோடியே 50 லட்சம் பேர் இந்தியாவில் என்றும் யுனிசெஃப் 2020இல் மதிப்பிட்டது. அதற்குப் பழைய பேட்டரி உருக்குவது, பாத்திரம், மசாலாக் கலப்படம் எனப் பல வழிகள் உண்டு. பெயின்ட் அவற்றில் ஒன்று, அதுவும் உங்கள் கையில் இருக்கிற ஒன்று. ஆகவே புதுப் பெயின்டை ஈயமில்லை என்று எழுதிய டப்பாவைப் பார்த்தே வாங்குங்கள். அதைவிட முக்கியம், பழைய வீட்டைப் புதுப்பிக்கும்போது பழைய பூச்சை உப்புத்தாளால் காய்ந்தபடியே தேய்க்காதீர்கள். அந்தத் தூசிதான் விஷம். ஈரமாகத் தேய்த்து, குழந்தைகளை வெளியே அனுப்பி, துடைத்து எடுக்க வேண்டும். செட்டிநாட்டுப் பழைய கதவுகளையும் பலகைகளையும் வாங்கிக் கட்டிலின் தலைமாட்டில் பதிக்கும் மோகம் இப்போது இருக்கிறது. அவற்றின்மேல் எந்தக் காலத்துப் பெயின்ட் என்று விற்பவருக்கே தெரியாது. அந்த அழகைக் கூடத்தில் வையுங்கள், குழந்தை வாய் வைக்கும் இடத்தில் வேண்டாம்.

கைக்குழந்தையின் தொட்டில் கட்டிலைப் பற்றி ஒரு சொல். சுற்றிலும் பஞ்சுத் தடுப்பு, தலையணைக் குவியல், பொம்மை வரிசை என்று படத்தில் மென்மையாகத் தெரிவதெல்லாம் மூச்சடைக்கும் ஆபத்து. அமெரிக்கா 2022இல் அந்தப் பஞ்சுத் தடுப்பைச் சட்டம் போட்டே தடை செய்தது. கெட்டியான, சமமான மெத்தையும் இறுக்கமான விரிப்பும் போதும். மின்சாரத்தில் இரண்டே விஷயம்: மூடித் திறக்கும் தடுப்பு உள்ளேயே இருக்கும் பிளக் பாயிண்ட், 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இரண்டும் கடையில் கிடைக்கின்றன. இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

உங்கள் பக்கத்து மறுப்புகளை நான் அறிவேன். முதலாவது, வீட்டுக்காரர் கேட்பதைத்தானே செய்கிறோம் என்பது. வீட்டுக்காரர் தூணை எடுக்கச் சொன்னால் பொறியாளர் எடுப்பதில்லை. காரணம் சொல்லி மறுக்கிறார், அதற்காகவே அவரை நம்புகிறார்கள். ஜன்னலடியில் திண்ணை வேண்டாம் என்று காரணத்தோடு சொல்லும் வடிவமைப்பாளரை எந்தத் தாயும் தகப்பனும் தவறாக நினைக்கமாட்டார்கள். இரண்டாவது, செலவு. மேலே சொன்னவற்றில் பல, செலவே இல்லாத முடிவுகள்: கட்டிலை வேறு சுவருக்கு மாற்றுவது, கம்பியைச் செங்குத்தாக வைப்பது, கயிற்றுக்குப் பதில் துணித்திரை. கார் வடிவக் கட்டிலுக்கு ஆகும் பணத்தில் மீதி எல்லாவற்றையும் செய்துவிடலாம். மூன்றாவது மறுப்பு கனமானது, மதிக்கத் தக்கதும்கூட: இப்படிப் பொத்திப் பொத்தி வளர்த்தால் குழந்தை எதைக் கற்றுக்கொள்ளும்? விழுந்து எழுந்துதானே வளர வேண்டும்? ஆம், வளர வேண்டும். ஆனால் குழந்தை தன் கண்ணால் பார்த்து, அளந்து, துணிந்து எடுக்கும் அபாயம் வேறு. அதன் அறிவுக்கே எட்டாதபடி மறைந்திருக்கும் ஆபத்து வேறு. மூன்றடி உயரச் சுவர் ஏணியும் கீழே கனத்த பாயும் வைத்தால் குழந்தை ஏறும், வழுக்கும், மறுபடி ஏறும். அதில் அது தன் உடலைக் கற்றுக்கொள்கிறது. அலமாரியின் எடை மையம் எங்கே இருக்கிறது, பெயின்டில் என்ன கலந்திருக்கிறது என்பதை மூன்று வயதில் எந்தக் குழந்தையும் கற்றுக்கொள்ள முடியாது. மறைந்த ஆபத்துகளை நீங்கள் எடுத்துவிட்டால்தான் தெரிந்த அபாயங்களோடு அதைத் தாராளமாக விளையாட விடலாம்.

பாதுகாப்பு பார்த்தால் அழகு போய்விடும் என்ற எண்ணத்துக்கு மறுமொழி நூறாண்டுகளுக்கு மேலாகக் கண்முன் இருக்கிறது. 1907 ஜனவரியில் ரோம் நகரின் சான் லொரென்சோ பகுதியில் மரியா மாண்டிசோரி தொடங்கிய குழந்தைகள் இல்லத்தில், குழந்தையின் உயரத்துக்கேற்ற மேசை, நாற்காலி, கைக்கெட்டும் அலமாரி என்ற முறை உருவானது. குழந்தை தானே எடுத்து, தானே வைக்கும். ஏறத் தேவையில்லாததால் ஏறாது. அந்த அம்மையார் 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்தார். போர்க்காலத்தில் கொடைக்கானலில் தங்கியிருந்தார். அவர் பெயரில் பள்ளிகள் நம் தெருக்கள்தோறும் இருக்கின்றன, அவர் கருத்து நம் படுக்கையறைகளுக்குள் வரவில்லை. தாழ்ந்த கட்டில், மூன்றடிக்குக் கீழே திறந்த தட்டுகள், நடுவில் காலியான தரை, மரத்தின் இயல்பான நிறம், ஒரே ஒரு சுவரில் அடர்ந்த வண்ணம். இப்படி ஓர் அறை படத்திலும் அழகாக இருக்கும், பத்தாண்டு கழித்தும் அழகாக இருக்கும். கார் கட்டிலை ஏழு வயதில் அந்தப் பிள்ளையே வெறுக்கும்.

நம் வீடுகளில் பெரும்பாலானவற்றில் குழந்தைக்கென்று தனி அறையே இல்லை, பெற்றோரோடுதான் தூங்குகிறது என்பதும் உண்மை. அது நல்ல வழக்கமா, கெட்ட வழக்கமா என்ற விவாதம் இங்கே வேண்டாம். அப்படியானால் பெற்றோரின் படுக்கையறையே குழந்தையின் அறை. நான் சொன்ன ஜன்னலும் கயிறும் பீரோவும் அங்கேயும் இருக்கின்றன. வரையும்போது அந்த அறையில் குழந்தை படுக்குமா என்று கேளுங்கள். வாடகை வீடு, சுவரில் துளை போட உரிமையாளர் விடவில்லை என்றால், உயரமான அலமாரியை அந்த அறையை விட்டே வெளியே வையுங்கள். உயரம் இல்லாத பொருளுக்குப் பிணைப்புத் தேவைப்படுவது குறைவு.

உங்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். குழந்தை அறைக்குப் படம் போடும் ஒவ்வொரு முறையும் கூடவே ஒரு தாள் இணையுங்கள். அதில் ஜன்னல் திண்டின் உயரம், கம்பி இடைவெளி, விசிறிக்கும் படுக்கைக்கும் உள்ள தூரம், தடுப்பின் உயரம், எந்தெந்தப் பொருள் சுவரோடு பிணைக்கப்பட்டிருக்கிறது, என்ன பெயின்ட் என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். ஒப்படைக்கும் நாளில் அந்த அறையின் தரையில் ஐந்து நிமிடம் உட்கார்ந்து, அங்கிருந்து எதெல்லாம் கைக்கு எட்டுகிறது, எதன்மேல் ஏற முடிகிறது என்று பாருங்கள். பெற்றோர்களே, வடிவமைப்பாளர் அந்தத் தாளைத் தராவிட்டால் கேட்டு வாங்குங்கள். தந்த பிறகே மீதிப் பணத்தைக் கொடுங்கள்.

அன்புடன்,
உங்கள் வேலையை மதிக்கும் ஒருவர்